கல்லுமேட்டுக் கடை மெஷின்

கல்லுமேட்டுத் தோட்டம்,
செமோர்.
14.7.1985

திரு. அர்ச்சுனன் அவர்களுக்கு,

அப்பாவு எழுதுவது. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உங்கள் விலாசத்தைப் பக்கத்து வீட்டு மாயாண்டி கொடுத்தான். நான் கேட்காமலேயே கொடுத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் நீங்கள் விட்டுப்போன கேம் மெஷின் படுத்துவிட்டது. ஐந்து வாரம் ஆகிறது. சுவிட்சைப் போட்டால் நெற்றியில் இருக்கிற விளக்கு எரிகிறது. ஆனால் பறக்கும் தட்டும் வருவதில்லை, சுடுகிற கப்பலும் வருவதில்லை. திரை முழுக்கக் கோடும் கட்டமுமாக, கோலத்தை யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. உள்ளிருந்து ஓர் உறுமல். பக்கத்தில் நாலு அடி அடித்துப் பார்த்தேன். உதைத்தும் பார்த்தேன். அசையவில்லை.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடு கட்டப் போகிறார்களாம். தீபாவளிக்குள் லயத்து வீடுகளையும் கடையையும் காலி செய்ய வேண்டும். எனக்கு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் என் தங்கை மகன் ராஜு ஓர் அறை கொடுக்கிறான். அங்கே ஃபேக்டரி வாசலில் அவனுக்குக் கேண்டீன் இருக்கிறது. மெஷினையும் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "ஓடுனா கொண்டாங்க மாமா, ஒரு மூலையில போட்டுக்கலாம். ஓடலைன்னா அவ்ளோ பெரிய அலமாரிக்கு எனக்கு எடம் இல்லைலா" என்றான். ஓடாவிட்டால் இடிக்க வருகிற லாரிக்காரன் உடைத்துப் பலகையை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

ஈப்போவில் யாரோ இழுத்து மூடிய கேம் கடையிலிருந்து நீங்கள் கொண்டு வந்த சாமான்தான் அது. ஆனால் அதைத் தினமும் துடைத்தவள் என் மகள். கடை சாத்துவதற்கு முன்னால் ஓர் ஆட்டம் ஆடாமல் மங்களம் வீட்டுக்கு வந்ததில்லை. அதை யாரும் கோடாலியால் உடைப்பதை நான் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன்.

உங்களை வரச் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
அ. அப்பாவு

----

தெலுக் இந்தான்
25.7.1985

மதிப்பிற்குரிய அப்பாவு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையில் தெலுக் ஆன்சன் என்று போட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பெயரை மாற்றி மூன்று வருடம் ஆகிறது. தபால்காரர் நல்லவர் என்பதால் கொண்டு வந்து கொடுத்தார்.

மெஷினை அடிக்கக் கூடாது, உதைக்கக் கூடாது. அது மாடு இல்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். மெஷின் பின்கதவின் சாவி சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். திறந்தால் மேலே டிவி மாதிரி படக்குழாய் இருக்கும். அதன் முதுகில் தடிமனான சிவப்பு வயர் ஒன்று போகிறது. அந்தப் பக்கம் கையே கொண்டு போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் நிற்கும், ஆளைத் தூக்கி அடிக்கும். கீழே இரும்புப் பெட்டி இருக்கும். அதன் மேல் கண்ணாடிக் குழாயாக ஒரு ஃபியூஸ். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மங்களத்தின் பதினாறாம் நாள் காரியத்தில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. மெஷின் ஒரு பாவமும் செய்யவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அர்ச்சுனன்

----

கல்லுமேட்டுத் தோட்டம்
4.8.1985

அர்ச்சுனன் அவர்களுக்கு,

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. கம்பி அறுந்துபோகவில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் மாயாண்டியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் அப்படித்தான் சொல்கிறான்.

உள்ளே கரப்பான் பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பல்லி முட்டை இரண்டு. எல்லாவற்றையும் பெருக்கிவிட்டேன். பக்கச் சுவரில் ஒரு பச்சைப் பலகை நிற்கிறது, அதில் கறுப்புக் கறுப்பாகப் பூரான் மாதிரி கால் வைத்த சாமான்கள். அதைத் தொடவில்லை. மற்றபடி உள்ளே எல்லாம் சுத்தமாக இருக்கிறது.

நான் சொன்னதை நீங்கள் மறக்கவில்லை என்கிறீர்கள். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். பெற்ற மகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? நீங்களும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனவர் நீங்கள்.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?

அப்பாவு

----

தெலுக் இந்தான்
15.8.1985

அப்பாவு அவர்களுக்கு,

இதோடு ஒரு பார்சல் வரும். உள்ளே கரண்ட் அளக்கிற என்னுடைய மீட்டர் இருக்கிறது. நான் வேலை செய்யும் டிவி கடையில் முதலாளியின் மீட்டரை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன். கீழே போட்டுவிடாதீர்கள்.

நடுவில் உள்ள திருகை நான் சிவப்பு மையால் புள்ளி வைத்த இடத்துக்குத் திருப்புங்கள். இரும்புப் பெட்டியிலிருந்து பச்சைப் பலகைக்குப் போகும் வயர்க் கட்டில், பெட்டியின் ஓரத்திலேயே சிவப்பும் கறுப்பும் கிளம்பும். மெஷினைப் போட்டுவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் வையுங்கள். முள் ஐந்தில் நிற்க வேண்டும். அந்தப் பலகைதான் மெஷினுக்கு மூளை. அதற்கு ஐந்து வோல்ட் வேண்டும். குறைந்தால் புத்தி பேதலித்துவிடும், கூடினால் செத்துவிடும்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கே மறந்துவிட்டது போலிருக்கிறது. நான் எழுதுகிறேன். "மெஷினுக்கு என்ன நோய்னு பாக்கத் தெரியுது, பொண்டாட்டிக்கு என்ன நோய்னு பாக்கத் தெரியலையே இவனுக்கு." இதுதான் நீங்கள் சொன்னது. அன்றைக்குக் காலையில் மங்களம் உடம்பு வலி என்றாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சூடு. மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்கு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் அவள் இல்லை. இப்போது தினமும் பத்து டிவி திறந்து மூடுகிறேன். ஒவ்வொன்றையும் திறக்கும்போது உங்கள் குரல்தான் கேட்கிறது. நீங்கள் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

அர்ச்சுனன்

----

கல்லுமேட்டுத் தோட்டம்
1.9.1985

அர்ச்சுனன் அவர்களுக்கு,

மீட்டர் பத்திரமாக வந்தது. முள் ஐந்தில் நின்றது. மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் ஐந்து.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பாதிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்துப் போட்டேன்.

மேல் லயத்தை இடித்துவிட்டார்கள். நவமணி குடும்பம் போன வாரம் செமோர் டவுனுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் போகும்போது மெஷின் முன்னால் நின்று ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது ஒரு நாளைக்குக் கடையில் நாலு டீ போகிறது. அதில் இரண்டை நானே குடிக்கிறேன். மாயாண்டி வந்தால் ஒன்று. மிச்சம் ஒன்று ரோட்டில் வண்டி பஞ்சர் ஆனவனுக்கு. பேச ஆள் இல்லாமல் வாய் ஒட்டிக்கொள்கிறது. இத்தனை வயதில் தபால்காரனை எதிர்பார்த்து உட்காருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அடுத்து எங்கே முள்ளை வைப்பது?

அப்பாவு

----

தெலுக் இந்தான்
12.9.1985

மாமாவுக்கு,

இப்போது பச்சைப் பலகையிலேயே பார்க்க வேண்டும். கறுப்பு முனையை மெஷினின் இரும்புச் சட்டத்தில் வையுங்கள். பலகையில் வலது மேல் மூலையில் பெரிய பூரான் ஒன்று இருக்கும். அதன் கடைசிக் காலில் சிவப்பு முனை. கை நடுங்கினால் மாயாண்டியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் காலில் பட்டுவிடக் கூடாது.

அவசரம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு நாள் இருக்கிறது.

நான் கடையின் பின்னறையில்தான் தங்குகிறேன். ஆறு மணிக்குக் கடை சாத்தியதும், பழுது பார்த்து வைத்த டிவிகளை எல்லாம் போட்டு விடுவேன். ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. அறையில் நாலு முகம் அசைந்தால் சாப்பாடு இறங்குகிறது. சத்தம் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் போய் உட்காருவேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் பழுதான டிவி வைத்திருப்பவர்கள்தான். டிவி சரியாகிவிட்டால் தெருவில் பார்த்துத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

அர்ச்சுனன்

----

கல்லுமேட்டுத் தோட்டம்
22.9.1985

மாப்பிள்ளைக்கு,

பலகையில் நாலுதான் காட்டுகிறது. அதுவும் நிற்காமல் ஆடுகிறது. பெட்டியிலிருந்து கிளம்பும்போது ஐந்து, பலகைக்குப் போய்ச் சேரும்போது நாலு. இரண்டு முழ வயர்தான். அதற்குள் ஒரு வோல்ட்டை யார் தின்றார்கள் என்று எனக்கே யோசனையாகிவிட்டது. முப்பத்தெட்டு வருடம் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவன் நான். காலையில் கோப்பையில் இருந்த பால் ஸ்டோருக்குப் போகும்போது குறைந்திருந்தால், வழியில் எங்கோ சிந்துகிறது என்று அர்த்தம். வயரை மேலும் கீழும் பார்த்தேன். எங்கும் அறுந்துபோகவில்லை.

இந்த வருடம் நமக்குப் பண்டிகை ஒன்றும் கிடையாது. ஆயுத பூஜைக்கும் நான் எதையும் கழுவி வைக்கப் போவதில்லை. பாராங் கத்தி அப்படியே கிடக்கட்டும்.

தெரு முழுக்க ஆள் இருந்தும் நீங்கள் தனியாகச் சாப்பிடுவதாக எழுதியது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. என்ன சமைக்கிறீர்கள்?

அப்பாவு

----

தெலுக் இந்தான்
2.10.1985

மாமாவுக்கு,

வயர்க் கட்டு பலகையைச் சேரும் இடத்தில் சீப்பு மாதிரி ஒரு பிடிப்பான் இருக்கிறது. பலகையின் ஓரத்தில் வரிசையாகச் செம்புப் பற்கள். அந்தப் பற்களைத்தான் பிடிப்பான் கவ்வுகிறது. சிந்துவது அங்கேதான். பிளக்கைப் பிடுங்கி, பிடிப்பானை நேராக இழுத்துக் கழற்றுங்கள். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, திரும்ப மாட்டினால் ஓடும். அரை மணி நேர வேலை.

அங்கே சுத்தமாக இருக்கிறது என்று ஆகஸ்டிலேயே எழுதினீர்கள். சுத்தமாக இருந்தால் ஒரு வோல்ட் குறையாது. இன்னொரு தடவை பாருங்கள். பார்க்க விருப்பம் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

மீன் டின்னும் சோறும். அதுதான் சமையல்.

அர்ச்சுனன்

----

கல்லுமேட்டுத் தோட்டம்
9.10.1985

மாப்பிள்ளை,

பொய் சொன்னேன். முதல் நாள் பின்கதவைத் திறந்தபோதே பார்த்துவிட்டேன்.

பலகையின் ஓரத்தில் ஒரு பொட்டு இருக்கிறது. சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம். போன வருட ஆயுத பூஜைக்கு மங்களம் வைத்தது. மெஷின் முகத்திலும் பட்டனிலும் வைத்தவள் உள்ளேயும் வைத்திருக்கிறாள். சந்தனம் ஈரமாகப் பற்கள் மேல் வழிந்து காய்ந்திருக்கிறது. ஏழு பல் மூடிப்போயிருக்கிறது. ஓரமெல்லாம் பச்சை பூத்துவிட்டது. நடுவில் அவள் விரல் பதிந்த இடம் அப்படியே இருக்கிறது. ரேகைகூடத் தெரிகிறது.

அவள் புடவையை எல்லாம் ஆஸ்ரமத்துக்குக் கொடுத்துவிட்டேன். போட்டோவில் இருப்பது யார் எடுத்த முகமோ. அவள் கை வைத்த இடம் என்று இந்த உலகத்தில் எனக்கு மிச்சம் இருப்பது இதுதான். இதை ரப்பரால் தேய்க்கச் சொல்கிறீர்கள். ரப்பர் வாங்கினேன். கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இதை எழுதாமல் அதை மட்டும் எழுதினால் நான் மனிதன் இல்லை. அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போன பிறகு மங்களம் கடைக்கு வந்தாள். "அப்பா, ஒரே குளிரா இருக்குப்பா. கிளினிக் போய்ட்டு வரட்டா?" என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லை. "சூட்டுக் காய்ச்சல்தான்மா. எளநி குடிச்சிட்டுப் படு, நாளைக்குப் போலாம்" என்றேன். சரி என்று போய்ப் படுத்தாள்.

பதினாறாம் நாள் நான் கத்திய வார்த்தை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது. அத்தனை பேர் முன்னால் அதை உங்கள் தலையில் போட்டேன். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்பாவு

----

தெலுக் இந்தான்
18.10.1985

மாமா,

கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் ஒரு டிவியையும் தொடவில்லை. கிளினிக்குக்கு ஒன்றரை மைல். பிறகு, காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு தெரிந்தும் பஸ் ஏறியவன் நான்தானே என்று நினைத்தேன். நானும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். நீங்கள் நாளைக்கு என்றீர்கள். அவளிடம் இப்போதே போ என்று சொல்ல நமக்கு இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. உங்களை மட்டும் வெறுக்க என்னால் முடியவில்லை.

நீங்கள் மட்டும் பொய் சொல்லவில்லை. கோடும் கட்டமும் என்று நீங்கள் எழுதிய முதல் கடிதத்திலேயே எனக்கு எங்கே பழுது என்று தெரியும். அந்தப் பொட்டு வைக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "வெளிய மட்டும் வச்சா ஆச்சா? வேலை செய்யறது உள்ளதானே?" என்றாள். பின்கதவைத் திறந்துவிட்டதும் நான்தான். டார்ச் அடித்துக் காட்டியதும் நான்தான். வேறு யாராக இருந்தாலும் கையைத் தட்டிவிட்டிருப்பேன். ஈரம் பலகைக்கு ஆகாது என்று தெரிந்த தொழில்காரன், "கொஞ்சமா வைலா" என்று சொல்லிவிட்டு நின்றேன். அவள் மூஞ்சியைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு எதற்கு உங்களை ஃபியூஸ், வோல்ட் என்று மூன்று மாதம் சுற்ற வைத்தேன்? அந்த இடத்துக்கு நீங்கள் போகக் கூடாது என்று நினைத்தேன். இன்னொன்று, மெஷின் ஓடிவிட்டால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள்.

தேய்க்காதீர்கள். தனியாகத் தேய்க்காதீர்கள். 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பதினொரு மணி செமோர் பஸ். இரண்டு பேரும் பார்த்துவிட்டு என்ன செய்வது என்று முடிவு செய்வோம்.

அர்ச்சுனன்

----

தெலுக் இந்தான்
28.10.1985

மாமா,

நேற்று வந்தேன். பதினொரு மணி பஸ்தான். கடைக்கு முன்னால் பஸ் நின்றது. நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். மேசையில் இரண்டு கிளாஸ் மூடி வைத்திருந்தது. லயம் இருந்த இடம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. உங்கள் பின்னால் கடைக்குள்ளே மெஷின் தெரிந்தது. அவள் நிற்கும் இடமும் தெரிந்தது.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கண்டக்டர், "தம்பி, கல்லுமேடு, எறங்கல?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பஸ் கடைசி வரைக்கும் போய்த் திரும்பியது. திரும்பி வரும்போதும் நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள். அப்போதும் இறங்கவில்லை. தெலுக் இந்தானுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள். மெஷினை லாரிக்காரன் எடுத்தால் எடுக்கட்டும்.

அர்ச்சுனன்

----

ஜெலாப்பாங்
4.11.1985

மாப்பிள்ளை,

மேலே உள்ள புது விலாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பார்த்தேன். போகும்போதும் பார்த்தேன், வரும்போதும் பார்த்தேன். நாலாவது ஜன்னல், நீலச் சட்டை. இளைத்துப்போயிருக்கிறீர்கள். திரும்பி வரும்போது எழுந்து கையைக் காட்டியிருந்தால் பஸ் நின்றிருக்கும். நானும்தான் காட்டவில்லை. இறங்குகிறவர் தானாக இறங்கட்டும் என்று ஒரு வீம்பு. பஸ் வளைவில் மறைந்த பிறகு எழுந்து நின்றேன். அப்போது எழுந்து என்ன பிரயோஜனம்?

உங்களுக்கு ஊற்றி வைத்த டீயையும் நானே குடித்துவிட்டு உள்ளே போனேன். ஒரு காய்ந்த சந்தனத்தை அழிக்கப் பயந்துகொண்டு, உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பஸ்ஸில் போகவிட்டவன் நான். மங்களம் பார்த்திருந்தால் இரண்டு பேரையும் ஒரு மாதம் பட்டினி போட்டிருப்பாள். ரப்பரை எடுத்தேன். அழுதுகொண்டேதான் தேய்த்தேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. குங்குமம் ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் இருந்த இடத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். பிறகு அதையும் தேய்த்தேன். பற்கள் புதுச் செம்பாக வந்தன. பிடிப்பானை மாட்டிப் பிளக்கைச் சொருகினேன். தட்டுகள் வரிசை வரிசையாக இறங்கி வந்தன.

காசு போட்டு நானே ஆடினேன். இரண்டு நிமிஷத்தில் மூன்று கப்பலும் போயிற்று. இத்தனை நாளும் அவள் என்னமோ சும்மா பட்டனை அமுக்குகிறாள் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு கஷ்டமான வேலை!

மெஷின் இப்போது ராஜுவின் கேண்டீனில் இருக்கிறது. ஃபேக்டரிப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வரிசை கட்டி நிற்கிறார்கள். எனக்கு இங்கே யாரையும் தெரியாது. அறையில் ஒரு கட்டிலும் சுவரும். இரண்டாவது கட்டிலுக்கு இடம் இருக்கிறது. ஈப்போவில் டிவி கடைகளுக்கா பஞ்சம்?

மெஷின் ஓடிவிட்டது. அதற்காக எழுதுவதை நான் நிறுத்தவில்லை, பார்த்தீர்களா? ஆனால் கடிதம் எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

நமக்கு இந்த வருடம் தீபாவளி இல்லை. இல்லாத தீபாவளியை நீங்கள் அங்கே தனியாகவும் நான் இங்கே தனியாகவும் கழிக்க வேண்டாம். அன்றைக்கு உங்கள் கடை லீவாகத்தான் இருக்கும். ஈப்போவிலிருந்து ஜெலாப்பாங் பஸ் எடுங்கள். கேண்டீனுக்கு முன்னாலேயே நிற்கும். காலையிலிருந்து ஸ்டாப்பில்தான் இருப்பேன். இந்தத் தடவை பெஞ்சில் உட்காரப் போவதில்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பேன்.

நீங்கள் இறங்காவிட்டால் நான் ஏறிக்கொள்வேன்.

அன்புடன்,
மாமா